காலிப் படுக்கை இல்லை என்பது பதிலாகுமா?

கொல்கத்தாவின் துறைமுகப் பகுதியான கிடர்பூரிலிருந்து தெற்கு நோக்கிப் போகிறது டயமண்ட் ஹார்பர் சாலை. கிடர்பூரை ஒட்டி, அந்தச் சாலையிலேயே, கல்கத்தா மெடிக்கல் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட் என்ற தனியார் மருத்துவமனை இருக்கிறது. 1992 ஜூலை 9 அன்று தலையில் பலத்த அடிபட்ட ஒரு விவசாயக் கூலித் தொழிலாளி அங்கே சேர்க்கப்பட்டார். முந்தைய நாள் இரவு ஏழே முக்கால் மணிக்கு, தெற்கு 24 பர்கானா மாவட்டத்து மதுராப்பூரில் ஓடும் ரயிலிலிருந்து விழுந்தவர் அவர். உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசதி இல்லை. வேறு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். இரவு 11.45-க்கு சியால்தா ரயில் நிலையத்தை அடுத்த என்.ஆர்.எஸ். மருத்துவமனை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மருத்துவர் உடனே சேர்க்க வேண்டும் என்றே எழுதினார். ஆனால் வார்டில் படுக்கை காலி இல்லை. 12.20-க்கு கல்கத்தா மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அங்கேயும் படுக்கை இல்லை. ஒரு மணிக்கு சம்புநாத் பண்டிட் மருத்துவமனை, அங்கே நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவு இல்லை. இரண்டு மணிக்கு நேஷனல் மருத்துவக் கல்லூரி, மறுபடி படுக்கை இல்லை. இடையில் ஒரு தனியார் இடத்தில் 1,310 ரூபாய் கட்டி ஸ்கேன் எடுத்தாயிற்று. காலை எட்டு மணிக்கு பாங்கூர் நரம்பியல் நிலையத்தில் ஸ்கேனைப் பார்த்தார்கள். மூளையில் ரத்தக் கசிவு, இந்த அவசர நிலையைத் தங்களால் கவனிக்க முடியாது என்றார்கள். பத்து மணிக்கு எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனை, அங்கேயும் நரம்பு அறுவை வசதி இல்லை. பதினான்கு மணி நேரத்துக்கு மேல் அலைந்து, ஏழு அரசு மருத்துவ நிலையங்களின் வாசலைப் பார்த்த பிறகுதான் அந்தத் தனியார் மருத்துவமனையில் இடம் கிடைத்தது. ஜூலை 22 வரை அங்கே இருந்தார், பிழைத்தார். செலவு ஏறக்குறைய 17,000 ரூபாய். ஒரு விவசாயக் கூலிக்கு 1992-இல் அது எவ்வளவு பெரிய தொகை என்பதை நேயர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இப்படிப்பட்ட இரவுகள் நம் நாட்டில் ஆயிரக்கணக்கில் நடந்து முடிந்திருக்கின்றன. பெரும்பாலானவை ஒரு வீட்டின் துக்கமாகவோ கடனாகவோ அடங்கிவிட்டன. இந்த ஓர் இரவு மட்டும் சட்டப் புத்தகத்தில் ஏறியதற்குக் காரணம், அந்தத் தொழிலாளி ஒரு சங்கத்தில் உறுப்பினராக இருந்தார். பஷ்சிம் பங்க கேத் மஜ்தூர் சமிதி என்ற விவசாயத் தொழிலாளர் சங்கம் அவரோடு சேர்ந்து, அரசமைப்புச் சட்டத்தின் 32-ஆம் பிரிவின்கீழ் நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பாதிக்கப்பட்டவர் மட்டுமே வழக்குத் தொடரலாம் என்ற பழைய விதி அதற்குள் தளர்ந்துவிட்டிருந்தது. பீகார் சிறைகளில் விசாரணையே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களைப் பற்றிய பத்திரிகைச் செய்திகளை வைத்து 1979-இல் ஹுசைனாரா கத்தூன் வழக்கு வந்தது. 1981-இல் எஸ்.பி. குப்தா வழக்கில், வறுமையாலோ இயலாமையாலோ நீதிமன்றத்துக்கு வர முடியாதவர்களுக்காகப் பொது நோக்கமுள்ள எவரும் வரலாம் என்று நீதிபதி பகவதி வழியை அகலத் திறந்துவிட்டார். அந்த வழியில் நடந்து வந்ததுதான் வங்காளத்துச் சங்கத்தின் மனு.

1996 மே 6 அன்று நீதிபதிகள் எஸ்.சி. அகர்வால், ஜி.டி. நானாவதி இருவரும் தீர்ப்புச் சொன்னார்கள். அவசர சிகிச்சை தேவைப்படும் ஒருவருக்கு அரசு மருத்துவமனை உரிய நேரத்தில் சிகிச்சை தராவிட்டால் அது 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்பது தீர்ப்பின் சாரம். தொழிலாளிக்கு 25,000 ரூபாய் இழப்பீடு தரும்படி அரசுக்கு உத்தரவாயிற்று. தொகை பெரிதல்ல. பெரிது எதுவென்றால், படுக்கை காலி இல்லை என்ற அரசின் விளக்கத்தை நீதிமன்றம் முழுமையான பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை. படுக்கை இல்லை என்பது அதுவரை ஒரு செய்தி. கேட்டவர் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த வாசலுக்குப் போக வேண்டியதுதான். தீர்ப்புக்குப் பிறகு அது அரசு காரணம் காட்ட வேண்டிய ஒரு தவறாகிவிட்டது. விளக்கம் சொல்லும் பொறுப்பு ஸ்ட்ரெச்சரில் கிடப்பவரிடமிருந்து அரசின் பக்கம் மாறியது. பொதுநல வழக்கு என்ற ஏற்பாட்டின் பயன் இதுதான் என்பது என் வாதம். நீதிமன்றத்தால் ஒரு படுக்கையைக்கூடச் செய்து போட முடியாது. ஆனால் கெஞ்சிக் கேட்டதை உரிமையாகக் கேட்கும் நிலைக்கு ஒரு குடிமகனைக் கொண்டுவர அதனால் முடியும்.

இதற்கு எதிர்வாதங்கள் உண்டு. அவை லேசானவையும் அல்ல. முதலாவது, 21-ஆம் பிரிவில் மருத்துவமனை என்ற சொல்லே இல்லையே என்பது. சட்டம் வகுத்த முறைப்படி அன்றி எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்றுதான் அது சொல்கிறது. பறிக்காதே என்பதிலிருந்து சிகிச்சை கொடு என்பதை எப்படி வருவித்தீர்கள், இது நீதிபதிகள் தாங்களே சட்டம் எழுதுவதாகாதா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் அரசே நடத்தும் மருத்துவமனையில், அரசே சம்பளம் தரும் மருத்துவர் சேர்த்தாக வேண்டும் என்று எழுதிக் கொடுத்த பிறகும் ஒருவர் வெளியே அனுப்பப்படும்போது, அரசு எதுவும் செய்யாமல் சும்மா இருந்தது என்று சொல்ல முடியுமா? திருப்பி அனுப்பியது ஒரு செயல்தான். மக்கள் நலத்தைப் பேணுவது அரசின் முதன்மைக் கடமைகளில் ஒன்று என்று 47-ஆம் பிரிவு வேறு சொல்கிறது. அது வழிகாட்டு நெறிதான், நேரடியாக வழக்குப் போட முடியாது. என்றாலும் 21-ஆம் பிரிவைப் படிக்கும்போது அதற்குக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

இதோடு ஒட்டிய இன்னொரு குற்றச்சாட்டு, நீதிபதிகள் ஆட்சி நடத்தப் பார்க்கிறார்கள் என்பது. சில வழக்குகளில் இது உண்மை, மறுப்பதற்கில்லை. இந்த வழக்கில் நடந்ததோ வேறு. வழக்கு நிலுவையில் இருக்கும்போதே மேற்கு வங்க அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி லீலாமய் கோஷ் தலைமையில் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. நிலைமை மோசமான நோயாளியைத் தள்ளுக்கட்டிலிலோ, வேறு வழியே இல்லாவிட்டால் தரையிலோகூட இடம் கொடுத்துச் சேர்க்க வேண்டும் என்பதுதான் அந்தக் குழுவின் நோக்கு. அதன் பரிந்துரைகளை அரசே ஏற்றுக்கொண்டு 1995-இல் மருத்துவமனைகளுக்குச் சுற்றறிக்கையும் அனுப்பியது. உச்ச நீதிமன்றம் அதன்மேல்தான் கட்டியது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் சிகிச்சை தந்து நோயாளியின் நிலையைத் தாங்கச் செய்ய வேண்டும்; மாவட்ட, உட்கோட்ட மருத்துவமனைகளின் தரத்தை உயர்த்த வேண்டும்; எந்த மருத்துவமனையில் படுக்கை காலி என்பதை உடனுக்குடன் தெரிவிக்கும் ஒரு மையத் தொடர்பு ஏற்பாடு வேண்டும்; கருவிகளும் பணியாளரும் உள்ள ஆம்புலன்ஸ் வேண்டும் என்றது. அரசு தானே ஒப்புக்கொண்ட கடமையை அதற்கு நினைவூட்டுவது அத்துமீறல் ஆகாது. பணம் எங்கே என்ற கேள்விக்கும் தீர்ப்பு நேராகவே பதில் சொன்னது: நிதி தேவைதான், ஆனால் நிதி இல்லை என்பதைக் காட்டி அரசமைப்புக் கடமையிலிருந்து நழுவ முடியாது. ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி பற்றிய காத்ரி வழக்கில் சொல்லப்பட்ட அதே நியாயம்தான் இது. இதைச் சொன்னதும் மருத்துவர் தரப்பில் ஒரு முணுமுணுப்பு எழும். நள்ளிரவில் நிரம்பி வழியும் வார்டில் தனியாக நிற்கும் இளம் டாக்டர் என்ன செய்வார்? அவர்மேல் கோபப்படுவதில் பயனில்லை. இழப்பீட்டைக் கொடுக்கச் சொன்னது அரசை. அந்த டாக்டரைத் தனியாக நிற்க வைத்ததும் அரசுதான்.

பொதுநல வழக்கு விளம்பரப் பிரியர்களின் விளையாட்டாகிவிட்டது என்பது அடுத்த புகார். அதை நீதிபதிகளே சொல்லியிருக்கிறார்கள். 2003-இல், கிடர்பூருக்குப் பக்கத்திலுள்ள அலிப்பூர் சிறையில் இருந்த ஒரு மரண தண்டனைக் கைதி தொடர்பாக வந்த மனுவைத் தள்ளுபடி செய்தபோது, பொது நலம் என்ற பெயரில் விளம்பர நலமும் சொந்த நலமும் அரசியல் நலமும் நுழைவதை உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. 2010-இல் பல்வந்த் சிங் சௌஃபல் வழக்கில், மனுதாரரின் தகுதியையும் மனுவின் உண்மையையும் சரிபார்க்க உயர் நீதிமன்றங்கள் விதிகள் வகுக்க வேண்டும் என்றது. இந்தச் சல்லடை தேவைதான். ஆனால் சல்லடையின் கண் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதில் கவனம் வேண்டும். காலையில் செய்தித்தாளைப் படித்துவிட்டு மத்தியானம் மனுப் போடுகிறவரும், தன் உறுப்பினர் ஏழு வாசலுக்கு அலைந்த நேரக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு வரும் சங்கமும் ஒன்றல்ல. பின்னவரிடம் ஆதாரம் இருக்கும், வழக்கு முடிந்த மறுநாளும் அவர் அங்கேயே இருப்பார். மனுதாரருக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பதே நல்ல சோதனை. கதவையே ஒருக்களித்து வைத்தால் முதலில் வெளியே நிற்கப்போவது இரண்டாமவர்தான்.

எனக்கு மிகவும் கனமாகப் படுவது கடைசி எதிர்வாதம்: தீர்ப்பு வந்தும் என்ன நடந்தது? 2024 அக்டோபரில் கொல்கத்தா எஸ்பிளனேடில் இளம் மருத்துவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் ஒருவர் கொல்லப்பட்ட கொடுமைக்கு நீதி கேட்ட அவர்களின் பத்துக் கோரிக்கைகளில் இரண்டைக் கவனியுங்கள். நோயாளிகளை ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்ப மையப்படுத்திய ஏற்பாடு. காலிப் படுக்கைகளை எல்லாரும் பார்க்கும்படி காட்டும் டிஜிட்டல் பலகை. அதற்கு இருபத்தெட்டு ஆண்டுக்கு முன் உச்ச நீதிமன்றம் இதே மாநிலத்துக்குச் சொன்னதுதான் இது! அந்த மாதமே தெற்கு 24 பர்கானா மாவட்டத்தில் அந்த ஏற்பாட்டின் முன்னோட்டம் தொடங்கியது. மதுராப்பூர் இருக்கும் அதே மாவட்டம். 1996-இல் நோயாளியின் உரிமையாகப் பேசப்பட்டது 2024-இல் மருத்துவரின் பாதுகாப்பாகத் திரும்பி வந்திருக்கிறது. படுக்கை இல்லை என்று சொல்ல வேண்டியவரும் அதற்காக அடி வாங்குகிறவரும் அவர்கள்தானே. ஆகவே தீர்ப்பு தோற்றுவிட்டது என்று சொல்லலாமா? உத்தரவைச் சொன்னதோடு நீதிமன்றம் தன் வேலை தீர்ந்ததென்று ஒதுங்கியது ஒரு குறை என்று நினைக்கிறேன். ஒப்பிட ஒரு வழக்கு இருக்கிறது. 2001-இல் பி.யு.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு தொடர்ந்த உணவு உரிமை வழக்கில் நீதிமன்றம் ஆணையர்களை நியமித்து, ஆண்டுக்கணக்கில் அறிக்கை கேட்டுக்கொண்டே இருந்தது. நாடெங்கும் அரசு ஆரம்பப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தர வேண்டும் என்ற உத்தரவு அந்த ஆண்டு நவம்பர் 28-இல் வந்தது. தமிழ்நாடு பல்லாண்டுகளாகச் செய்துகொண்டிருந்ததுதான். 2013-இல் நாடாளுமன்றம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தையே இயற்றியது. அங்கே நீதிமன்றமும் விடவில்லை, உணவு உரிமை இயக்கமும் விடவில்லை. மருத்துவமனை வழக்கில் அந்த இரண்டாவது கால் ஊன்றப்படவில்லை.

நம் பக்கத்திலிருந்து போன ஒரு மனுவும் இதே பாதையில் நடக்கிறது. கோயம்புத்தூர் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். 2014-இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் ஒரு குழு அமைந்தது. விபத்து நடந்த முதல் ஒரு மணி நேரத்தில் பணம் கேட்காமல் சிகிச்சை தரும் திட்டம் வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் பிரிவு இருந்தும் திட்டம் வராததால், 2025 ஜனவரி 8 அன்று நீதிமன்றம் மத்திய அரசுக்குக் கெடு வைத்தது. அந்த ஆண்டு மே மாதம் திட்டம் வந்தது: ஒருவருக்கு ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை. தமிழ்நாடு 2021 டிசம்பரிலேயே இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியிருந்தது. நல்லவைதாம். ஆனால் இரண்டும் சாலை விபத்துக்கு மட்டுமே. ரயிலிலிருந்து விழுந்தவருக்கும், பனையேறும்போது தவறியவருக்கும், கட்டடச் சாரத்திலிருந்து விழுந்த கொத்தனாருக்கும் இவற்றில் இடமில்லை. ராஜஸ்தான் 2023 மார்ச்சில் இயற்றிய நலவாழ்வு உரிமைச் சட்டம் முன்பணம் இல்லாத அவசர சிகிச்சையை இன்னும் விரிவாக, பாம்புக்கடி உட்பட, உரிமையாக்கியது. தனியார் மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். விபத்து எந்த வகை என்று பார்த்து உயிருக்கு மதிப்புப் போடுவது 21-ஆம் பிரிவுக்குப் பொருந்துமா என்று கேட்க, 1996 தீர்ப்பு ஒன்றே ஒருவருக்குப் போதுமான துணை. உயர் நீதிமன்றம் 226-ஆம் பிரிவின்கீழ் அந்தக் கேள்வியைக் கேட்கலாம். சட்டமன்றம் அதற்கு முன்பே பதில் சொல்லிவிடவும் செய்யலாம்.