மாவு எங்கே போச்சு தம்பி?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எஞ்சினியரைக் கூப்பிட்டால் இயந்திரத்தைப் பற்றித்தான் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். நான் வாழைப்பழத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். சத்தியமங்கலத்தில் பவானித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் வேறென்னங்க பேசுவான்?

முதலாண்டு வேதியியல் வகுப்பில் ஒருநாள் ஆசிரியர் என்னை எழுப்பி, "வாழைக்காய் பழமாவது இயற்பியல் மாற்றமா, வேதியியல் மாற்றமா?" என்று கேட்டார். "இயற்பியல் மாற்றம் சார். நிறமும் கெட்டித்தன்மையும் தானே மாறுது" என்றேன். அவர் கோபப்படவில்லை. "காயைக் கடிச்சா மாவு, பழத்தைக் கடிச்சா சர்க்கரை. அந்த மாவு எங்கே போச்சு தம்பி?" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கேள்வியின் விலை அப்போது எனக்குத் தெரியவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, குளிர்பதனத் துறையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, வாழைக்காய் வியாபாரம் செய்யும் என் தாய்மாமன் கடன் வாங்கிப் பழுக்க வைக்கும் அறை ஒன்று கட்டினார். வடிவமைப்பு முழுவதும் என்னுடையது. ஒருமுறை சந்தையில் விலை இறங்கிவிட்டது. "மாப்ளே, ரெண்டு மூணு நாளைக்குக் காய் பழுக்காம நிக்கோணும்" என்றார். நான் 8 டிகிரியில் வைத்தேன். குளிர வைப்பது வெறும் இயற்பியல் மாற்றம், திரும்பச் சூடேற்றினால் காய் பழைய நிலைக்கு வந்துவிடும் என்பது என் கணக்கு.

மூன்றாம் நாள் கதவைத் திறந்தால், தாரெல்லாம் சாம்பல் பூசியது போல் இருந்தது. அதன்பின் எத்தனை பக்குவம் செய்தும் மஞ்சள் நிறம் வரவேயில்லை. பாதி மாட்டுக்குப் போயிற்று. மாமா ஒரு தோலை உரித்துப் பார்த்துவிட்டு, "நீ மிஷினைத்தான் பார்த்தே மாப்ளே, காயைப் பார்க்கலியே" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அன்றிரவுதான் ஆசிரியரின் கேள்விக்கு விடை தேடினேன். பச்சை வாழைக்காயின் சதையில் சுமார் 20 முதல் 25 சதவீதம் மாவுப்பொருள். நன்கு பழுத்ததும் அது ஒன்றிரண்டு சதவீதமாகக் குறைந்துவிடும். நொதிகள் மாவைச் சர்க்கரையாக மாற்றிவிடுகின்றன. பச்சையம் சிதைந்து, அடியில் ஒளிந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சதையைப் பிடித்து நிற்கும் பெக்டின் கரைய, பழம் மெத்தென்று ஆகிறது. எல்லாமே வேதியியல் மாற்றங்கள்.

பழத்தை நறுக்கினால் அது திரும்ப ஒட்டாது. ஆனாலும் அது இயற்பியல் மாற்றம்தான். துண்டும் அதே பழம்தானே. ஆகவே திரும்பி வருமா என்று மட்டும் கேட்டால் போதாது, புதுப்பொருள் உண்டானதா என்று கேட்க வேண்டும். நறுக்கிய துண்டு சற்று நேரத்தில் பழுப்பாகிறதே, அங்கே வேதியியல் தொடங்கிவிட்டது. கத்தி செல்களைக் கிழிக்க, தனித்தனியே இருந்த பொருள்கள் கலந்து, காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து நிறம் மாறுகின்றன. என் அறையில் நடந்ததும் ஏறக்குறைய அதுவே. சுமார் 13 டிகிரிக்குக் கீழே போனால் வாழைத் தோலின் செல் சவ்வுகள் பழுதடைகின்றன. கத்தி செய்ததை அங்கே குளிர் செய்தது.

இப்போது அதே அறை 15 முதல் 18 டிகிரியில் ஓடுகிறது. ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல், எத்திலீன் வாயு பத்து லட்சத்தில் 100 பங்கு, 24 மணி நேரம். பழுக்கும் காய் மூச்சு விடும், சூட்டையும் கிளப்பும். அந்தச் சூட்டையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் குளிர்பதன இயந்திரம் தாங்கும்.

நம் பெரியவர்கள் மூட்டம் போட்டுப் பழுக்க வைத்தார்கள். அந்தப் புகையிலும் எத்திலீன் உண்டு. விளக்கெரிக்கும் வாயுவில் செடிகளைப் பாதிப்பது எத்திலீன்தான் என்று ரஷ்யாவின் நெல்ஜுபோவ் 1901இல் காட்டினார். பழமே எத்திலீனை உண்டாக்குகிறது என்று இங்கிலாந்தின் கேன் 1934இல் நிறுவினார். கார்பைடு கல்லிலிருந்து வருவது எத்திலீன் அல்ல, அசெட்டிலீன். அந்தக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் நஞ்சுகளும் ஒட்டியிருக்கும். அதனால்தான் அதைக் கொண்டு பழுக்க வைப்பதைச் சட்டம் தடை செய்திருக்கிறது. எத்திலீனை மேற்சொன்ன அளவு வரை பயன்படுத்த 2016இல் அனுமதி வந்தது.

தம்பி தங்கைகளே, இன்று வீட்டுக்குப் போய் ஒரு வாழைக்காய்த் துண்டிலும் பழத்துண்டிலும் டிஞ்சர் அயோடின் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். காய் கருநீலமாகும், நன்கு பழுத்த பழம் அப்படி ஆகாது. (அதை யாரும் தின்றுவிடாதீர்கள்!) ஐந்து நிமிட வேலைதான். நான் இந்த வளாகத்தில் அதைச் செய்திருந்தால், மாமாவின் ஒரு லோடு காய் பிழைத்திருக்கும்.

அந்தச் சரக்கு நஷ்டமான மறுவாரமே, அறையைச் சரிசெய்ய மாமா என்னைத்தான் கூப்பிட்டார். அந்த நம்பிக்கைக்கும், அன்று கேள்வி கேட்ட ஆசிரியருக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன்.

வணக்கம்.