பதிப்பைக் குறை சொல்லும் முன்



எங்கள் பள்ளியின் ஐந்தாண்டு வருகைப் பதிவை எஸ்க்யூஎல் சர்வர் 2019 தரவுத்தளத்தில் வைத்திருக்கிறோம். அலுவலகக் கணினியில் இருப்பது இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பு. என் மடிக்கணினியில் அதே தரவின் நகல், சோதனைக்கான டெவலப்பர் பதிப்பில் இருக்கிறது.

பெற்றோர் கூட்டத்தன்று ஒரு வகுப்பின் மாதவாரி வருகைப் பட்டியலை எடுக்க அலுவலகக் கணினிக்குப் பல நிமிடங்கள் ஆயின. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்த பெற்றோர் வராந்தாவில் காத்து நின்றார்கள். மடிக்கணினியிலோ அதே வினவல் நொடியில் முடிந்தது. “இலவசப் பதிப்பு இப்படித்தான் ஐயா, விலைக்குத்தான் வாங்க வேண்டும்” என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன்.

மறுநாள் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: “சார், ரெண்டு கம்ப்யூட்டரும் ஒரே மாதிரிதான் தேடுதா?” என்னிடம் பதில் இல்லை. மாணவர்களோடு சேர்ந்தே தேடினேன்.

எக்ஸ்பிரஸ் 2019-க்கு வரம்புகள் உண்டு. தரவுத்தளம் 10 ஜிபிக்குள் இருக்க வேண்டும். தரவைத் தாங்கும் நினைவகம் 1,410 எம்பி. அதிகபட்சம் 4 கோர். எங்கள் தரவு 200 எம்பிகூட இல்லை. எனவே நினைவக வரம்பு காரணமல்ல.

அடுத்து ‘செட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஐஓ ஆன்’ கட்டளையைக் கொடுத்தோம். ஒரு மாணவரின் ஒரு மாதக் கணக்குக்கு மடிக்கணினி படித்தவை பத்துக்கும் குறைவான பக்கங்கள்; அலுவலகக் கணினி படித்தவை சுமார் 14,000. ஒரு பக்கம் 8 கேபி என்றால் 110 எம்பி. 40 பேருக்கு 10 மாதம் என்றால் 400 முறை!

செயலாக்கத் திட்டங்களை அருகருகே வைத்ததும் புரிந்தது. அங்கே ‘இன்டெக்ஸ் சீக்’, இங்கே ‘டேபிள் ஸ்கேன்’. சேர்க்கை எண், தேதி ஆகியவற்றுக்கான இன்டெக்ஸை என்றோ சோதனைக்காக மடிக்கணினியில் மட்டும் உருவாக்கிவிட்டு மறந்திருக்கிறேன். அதை அலுவலகக் கணினியிலும் உருவாக்கினோம். பட்டியல் சில நொடிகளில் வந்தது. தலைமையாசிரியரிடம் என் தவற்றை ஒப்புக்கொண்டேன்.

ஆகவே நண்பர்களே, தரவு ஒன்றா, இன்டெக்ஸ் ஒன்றா, புள்ளிவிவரங்கள் புதுப்பிக்கப்பட்டனவா, திட்டம் ஒன்றா என்று வரிசையாகப் பாருங்கள். பதிப்பின் வரம்பைக் கடைசியில் பாருங்கள்.

வகுப்பில் ‘இவன் மெதுவானவன்’ என்று எத்தனை முறை பார்க்காமலே சொல்லியிருக்கிறேன் என்பதையும் அன்று எண்ணிப் பார்த்தேன்.