விரலும் விழியும்



நாற்று நட்டும் செங்கல் சுமந்தும் நாற்பதாண்டு உழைத்த மூதாட்டி ஒருவர் நியாய விலைக் கடையில் தம் விரலைக் கருவியின்மேல் வைக்கிறார் எனக் கொள்ளுங்கள். கருவி அவரை அறியவில்லை. உழைப்பு ரேகைகளைத் தேய்த்துவிட்டது. இன்னார் இவர் என்று கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவரை யார் கேட்கிறார்கள்?

1897-ஆம் ஆண்டு கல்கத்தாவில் விரல் ரேகை அலுவலகம் தோன்றியபொழுது, உடலளவுகளைக் கைவிட்டு ரேகையை நம்பத் தொடங்கினர். 2010-இல் வழங்கத் தொடங்கிய ஆதார் எண்ணுக்கோ பத்து விரல்கள், இரு கருவிழிகள், முகம் ஆகியவை பதிவாகின்றன. ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு முகப்படம் மட்டுமே. கோடிக்கணக்கானோரில் ஒருவர் இருமுறை பதிவாகாமல் தடுக்க ஓர் அடையாளம் போதாது.

இவற்றை இணைப்பது எங்ஙனம்? கருவி தானாக ‘ஆம்’, ‘இல்லை’ என்பதில்லை. பழைய பதிவோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று மதிப்பெண் தருகிறது. எவ்வளவு இருந்தால் போதும் என்பதை வகுப்பவன் மனிதன். விரலும் விழியும் ஒருங்கே ஒத்தால்தான் ஏற்பது என்றால் பிறர் புகுதல் அரிது. உரியவரே வெளியில் நிற்க நேர்வதும் மிகும். ஒன்று ஒத்தாலே போதும் என்றால் உரியவர் எளிதில் வருவார். ஆயின் ஏமாற்றுவோனுக்கும் வாயில் இரண்டாகிவிடும். மதிப்பெண்களைக் கூட்டி நடுவழி காண்பதும் உண்டு.

ஒன்று போதும் என்ற வழியையே எடுத்துக்கொள்வோம். உரியவரை அறிவதில் விரல் 100-க்கு 5 முறையும் விழி 100-க்கு 2 முறையும் தவறுவதாக வைத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து தவறுவது 1,000-க்கு ஒரு முறைதான். அழகான கணக்கு! ஆனால் அதனுள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. ஒன்றின் பிழைக்கும் மற்றதன் பிழைக்கும் உறவு இருத்தலாகாது. மூதாட்டிக்கோ விரல் தேய்ந்த வயதில்தான் கண்புரையும் வருகிறது. புரையும் அதற்குச் செய்யும் அறுவையும் கருவிழியை அடையாளம் காண்பதைச் சில வேளை கெடுக்கின்றன. இளைஞர்க்கு ஏறக்குறையப் பொருந்திய கணக்கு முதியோரிடம் பொய்த்துவிடுகிறது. எல்லாரையும் சேர்த்துச் சராசரி எடுத்தாலோ அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. சோதனைக்குக் கல்லூரி மாணவர்களின் விரல்களை மட்டும் வாங்கிக்கொண்டாலும் இதே கதிதான்.

ஆதார் வழக்கில் 2018 செப்டம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கருவி அறியத் தவறியதற்காக உரியவர்க்கு உதவி மறுக்கப்படலாகாது என்றும், வேறு வழியில் ஆளை உறுதிசெய்ய இடம் வேண்டும் என்றும் கருதியது.