பிஸ்கற் பேணிக்குள் இருந்த சின்னங்கள்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டுக் கண்காட்சித் தொடக்க நிகழ்வில் ஆற்றிய உரை)



நூற்றாண்டுக் கண்காட்சிக்குப் பழைய பொருட்கள் தாருங்கள் என்று நாங்கள் கேட்டபோது, படங்களும் பரிசுக் கிண்ணங்களும் வரும் என்றே எதிர்பார்த்தோம். ஆனால் முதலில் வந்தது ஒரு பிஸ்கற் பேணி. உள்ளே பருத்திப் பஞ்சில் பொதிந்து நாற்பதுக்கும் மேற்பட்ட சின்னங்கள். இல்லச் சின்னங்கள், மாணவத் தலைவியர் சின்னங்கள், அவற்றோடு சாரணியர், பிரவுணிகள், முதலுதவிப் படையினர் அணிந்தவை. பிறகு கொழும்பு, இலண்டன், ரொறொன்ரோ, மெல்பேண் என்று பல இடங்களிலிருந்தும் வந்துசேர்ந்தன. இவற்றை இனங்கண்டு பெயர்ச்சீட்டு எழுதும் வேலை எங்கள் வகுப்பைச் சேர்ந்த ஐந்து பேர் தலையில் விழுந்தது. எங்களில் இருவர் மருத்துவர்கள். ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோலத்தான் ஒவ்வொன்றையும் பார்த்தோம்: முதலில் வரலாறு கேட்பது, பிறகு முன்புறம், பிறகு பின்புறம், கடைசியில்தான் முடிவு.

முன்புறத்தில் முதலில் பார்க்க வேண்டியது உருவம். மூன்று வட்டமான இலைகள் என்றால் அது பெண் சாரணியருடைய மூவிலை. நடு இதழ் கூர்மையாக நின்று, இரு பக்க இதழ்களும் கீழ்நோக்கி வளைந்தால் அது ஆண் சாரணருடைய லில்லி. அண்ணனுடைய சின்னம் தங்கையின் பெட்டிக்குள் கலந்துவிடுவது சாதாரணம். எங்களுக்கு வந்தவற்றிலேயே மூன்று அப்படி இருந்தன. குதித்தாடும் சிறு குள்ள உருவம் இருந்தால் அது பிரவுணிச் சின்னம். 1914இல் இங்கிலாந்தில் சிறுமிகளுக்காக 'ரோஜா மொட்டுகள்' என்ற பெயரில் தொடங்கிய பிரிவுதான் அடுத்த ஆண்டு பிரவுணிகள் ஆனது. எட்டு முனைகள் கொண்ட வெள்ளைச் சிலுவை சென் ஜோன் அம்புலன்ஸ் படையுடையது. 'சி' என்ற ஆங்கில எழுத்துக்குள் 'ஈ' அடங்கியிருந்தால் அது 1881இல் அமெரிக்காவில் தொடங்கிய கிறிஸ்தவ முயற்சிச் சங்கத்தின் சின்னம். அதைச் சாரணியச் சின்னம் என்று எழுதி அனுப்பியவர்களும் இருந்தார்கள்.

நீல நிலத்தில் பொன்னிற மூவிலை இருந்தால் அது உலகச் சின்னம். மூன்று இதழ்களும் வாக்குறுதியின் மூன்று பகுதிகள். இரண்டு நட்சத்திரங்கள் வாக்குறுதியும் சட்டமும். நடுவிலுள்ள கோடு திசைகாட்டியின் முள். அடிப்பாகம் மனித நேயத்தின் சுடர். எங்களுக்கு இதை மனப்பாடம் செய்வித்த ஆசிரியை இன்று முன்வரிசையில் இருக்கிறார். ஒரு வரியை விட்டிருந்தால் எழுந்து நின்று திருத்துவார். இந்த உலகச் சின்னம் ஏற்றுக்கொள்ளப்பட்டது 1946இல். ஆகவே இதை 1930களில் அணிந்ததாக யாராவது சொன்னால், அன்போடு இன்னொரு முறை கேட்க வேண்டும்.

ஒரு சின்னத்தைக் கண்டு எங்களில் ஒருத்தி திடுக்கிட்டாள். மூவிலையோடு சேர்ந்து சுவஸ்திகம். ஹிட்லரின் அடையாளம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எப்படி வந்தது என்று கேட்டாள். அது சாரணியத்துக்கு உதவியவர்களுக்கு வழங்கப்பட்ட பழைய நன்றிச் சின்னம். சுவஸ்திகத்தை நற்குறியாகவே அங்கு பொறித்தார்கள். நாசிகள் அதைத் தமதாக்கிக்கொண்ட பிறகு, 1930களில் சாரணிய இயக்கம் அதைக் கைவிட்டது. ஆகவே அதை மறைத்து வைக்காமல் விளக்கத்தோடு வைத்திருக்கிறோம்.

அடுத்தது எழுத்தும் கிரீடமும். இலங்கையில் பெண் சாரணியம் 1917இல் கண்டியில் தொடங்கியது. 1972 மே மாதம் வரை நாட்டின் ஆங்கிலப் பெயர் சிலோன். அதன்பிறகு ஸ்ரீ லங்கா. நாட்டின் பெயர் பொறித்த சின்னத்தில் இந்த ஒரு சொல்லே பாதி வேலையை முடித்துவிடும். பிரித்தானியச் சின்னங்களில் கிரீடம் இருந்தால் அதன் வளைவைப் பாருங்கள். மேற்பகுதி வட்டமாக எழுந்திருந்தால் பெரும்பாலும் 1953க்கு முந்தியது. நடுவில் பள்ளமாகத் தாழ்ந்திருந்தால் எலிசபெத் மகாராணியின் காலத்தது.

பின்புறத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. ஆனால் செய்தவரின் பெயரும் ஊரும் அங்கேதான் இருக்கும். பதிவு இலக்கம் இருந்தால் அவசரப்படக் கூடாது: அது அந்த வடிவம் பதிவுசெய்யப்பட்ட காலத்தைச் சொல்லுமே தவிர, உங்கள் கையிலுள்ள சின்னம் செய்யப்பட்ட ஆண்டைச் சொல்லாது. ஒரே வடிவத்தைப் பல ஆண்டுகள் வார்த்திருப்பார்கள். ஊசியை மட்டும் வைத்தும் முடிவு சொல்ல முடியாது. உடைந்த ஊசியைத் தட்டாரிடம் கொடுத்து மாற்றியவர்கள் நம் வீடுகளில் அநேகர்.

எங்கள் காலத்தில் புதிய உலோகச் சின்னம் கிடைப்பது அரிது. அக்காமார் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகும்போது கழற்றித் தந்ததையே நாங்கள் அணிந்தோம். பெற்றவள் பின்புறத்தில் ஊசியால் தன் முதலெழுத்தைக் கீறிக்கொள்வாள். சில சின்னங்களில் மூன்று, நான்கு பேரின் எழுத்துகள் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கின்றன. இங்கே எங்கள் தவறொன்றையும் சொல்ல வேண்டும். வந்த முதல் வாரத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளப்பாக இருக்கட்டும் என்று ஒரு சின்னத்தைப் பித்தளை மினுக்கும் பசையிட்டுத் தேய்த்துவிட்டோம். பின்புறத்திலிருந்த எழுத்துகளில் 'க' மட்டும் மிஞ்சியது. மற்றவை யாருடையவை என்று இனி எவராலும் சொல்ல முடியாது. தயவுசெய்து தேய்க்காதீர்கள். மென்மையான உலர்ந்த துணியால் தூசியைத் துடைத்தால் போதும். எனாமல் பூசியதைத் தண்ணீரில் ஊற வைக்காதீர்கள். பிளாஸ்ரிக் உறைக்குள் இறுக்கி வைத்தால் பச்சைக் களிம்பு பிடிக்கும்.

கடைசியாக ஒரு சின்னத்தைப் பற்றி. ரொறொன்ரோவிலிருந்து ஒரு பேத்தி அனுப்பியது. "எங்கள் அம்மம்மா 1952இல் அணிந்தது, இறக்கும்வரை தலையணைக்குக் கீழே வைத்திருந்தார்" என்று சிறு குறிப்பு. பூதக்கண்ணாடியால் பார்த்தோம். விளிம்பில் ஸ்ரீ லங்கா என்று இருந்தது. 1952இல் அந்தச் சின்னம் இருந்திருக்க முடியாது.

என்ன செய்வது என்று இரண்டு நாள் பேசினோம். குடும்பம் சொன்னபடியே எழுதி வைத்துவிடலாம், யாருக்கு நட்டம் என்றார் ஒருவர். உண்மைதான், ஒருவருக்கும் நட்டமில்லை. ஆனால் அந்தச் சின்னத்துக்கு உரியவள் இன்னொருத்தி என்றால், அவளுடைய பெயரை நாங்களே அழிப்பதாகாதா? கரையான் அரித்தது போக மிஞ்சிய சாரணியர் பதிவேட்டைப் புரட்டினோம். 1979இல் வாக்குறுதி எடுத்தவர்களின் பட்டியலில் அந்தக் குடும்பத்தின் பெயர் இருந்தது. தொலைபேசியில் பேத்தியின் தாயாரிடம் கேட்டோம். நீண்ட நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "அது என்ர தங்கச்சியின்ர. அவ 87இல செத்தவ. அதுக்குப் பிறகு அம்மா அவவின்ர பேரை ஒருநாளும் எடுக்கேல்லை. நாங்கள் அம்மா மறந்திட்டா எண்டு நினைச்சம்."

பெயர்ச்சீட்டில் என்ன எழுதலாம் என்று அவரிடமே கேட்டோம். அவர் சொன்னதையே எழுதியிருக்கிறோம்: "மகளின் சின்னம். தாய் பாதுகாத்தது." இருவருமே இக்கல்லூரியின் மாணவிகள். மூன்றாவது பெட்டியில், இடப்பக்க மூலையில் அது இருக்கிறது.

எங்கே இருந்தாலும் உங்கள் அலுமாரிகளையும் நகைப்பெட்டிகளையும் ஒருமுறை பாருங்கள். சின்னத்தை அனுப்ப மனம் வராவிட்டால் அனுப்ப வேண்டாம். முன்புறமும் பின்புறமும் படமெடுத்து அனுப்புங்கள். யாருடையது, எந்த ஆண்டு, யாரிடமிருந்து வந்தது என்று ஒரு தாளில் எழுதி அதனோடு வையுங்கள். நிச்சயமில்லாததை நிச்சயமில்லை என்றே எழுதுங்கள். அந்தத் தாளை இன்றைக்கே எழுதுங்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய அம்மாமார் இன்னும் சிலராவது நம்மோடு இருக்கிறார்கள்.