பனி நாட்டுப் பூந்தோட்டம்



தோட்டம் என்றவுடன் நமக்குக் கித்தாத் தோட்டந்தான் நினைவுக்கு வரும். இன்று நான் சொல்லப் போவது வீட்டு வாசலில் போடும் பூந்தோட்டத்தைப் பற்றி. அதுவும் இங்கிலாந்து போன்ற பனி நாட்டில். நம் லயத்து வாசலில் ஒரு செம்பருத்திக் குச்சியை ஊன்றினால் போதும். பொங்கலுக்கும் பூக்கும், தீபாவளிக்கும் பூக்கும். அங்கே அப்படியன்று. டிசம்பர் மாதம் லண்டனில் பகல் ஏறக்குறைய 8 மணி நேரந்தான். மாலை நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும்.

1960, 1970ஆம் ஆண்டுகளில் தாதிப் பயிற்சிக்காக நம் நாட்டிலிருந்து பெண்கள் பலர் அங்கே சென்றார்கள். சிலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். குளிரைவிட அந்த இருட்டுதான் மனத்தை அழுத்துகிறது என்று அவர்கள் சொல்ல நீங்களும் கேட்டிருக்கலாம். அப்படிப்பட்ட வீட்டில் ஜன்னலுக்கு வெளியே ஒரு பூ தெரிவது சின்ன காரியமா?

குளிர்காலத்தில் அங்கே பெரும்பாலான மரங்கள் மொட்டையாக நிற்கும். நம் கித்தா மரமும் வறட்சி மாதங்களில் இலை உதிர்ப்பதை நீங்கள் ஆண்டுதோறும் பார்க்கிறீர்கள். அங்கே வறட்சி வேறு விதமாக வருகிறது. மண்ணில் நீர் இருந்தும், அது உறைந்துவிட்டால் வேரால் உறிஞ்ச முடியாது. இலையோ நீரை வெளியே விட்டுக்கொண்டேயிருக்கும். ஆகவே மரம் இலையிலுள்ள சத்தில் ஒரு பகுதியை உள்ளே இழுத்துக்கொண்டு, காம்பின் அடியை அடைத்து, இலையைக் கழற்றிவிடுகிறது.

இனி, செடியைத் தேர்ந்தெடுப்பது எப்படி? புதிதாகத் தோட்டம் போடுபவர் மே, ஜூன் மாதங்களில் நாற்றுக் கடைக்குப் போவார். அன்று பூத்திருப்பதையெல்லாம் வாங்கி வந்து நடுவார். எல்லாம் ஒன்றாகப் பூத்து ஒன்றாக ஓய்ந்துவிடும். அக்டோபருக்குப் பிறகு வெறுந்தரை. அனுபவமுள்ளவர் ஜனவரி மாதத்துச் செடியை முதலில் தேடுவார். கோடைக்குப் பூ தானாகவே கிடைக்கும். மழையில் வெட்டு நின்றுபோகும் நாட்களுக்கென்று அரிசியை ஒதுக்கி வைக்கும் நம் தாய்மார்களுக்கு இந்தக் கணக்கை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த ஜனவரிச் செடிகளில் எனக்கு மிகவும் பிடித்தது விட்ச் ஹேசல். இலையே இல்லாத கிளையில் மஞ்சள் நூலைக் கத்தரித்து ஒட்டியதுபோல் பூக்கும். கடும்பனி விழுந்தால் இதழ்கள் சுருண்டுகொள்ளும். குளிர் தணிந்ததும் விரியும். ஸ்னோடிராப் என்னும் வெள்ளைப் பூ பனியைத் துளைத்துக்கொண்டே எழும். டாக்வுட் என்ற செடியை வளர்ப்பது பூவுக்காக அன்று. இலை விழுந்தபின் அதன் தண்டு குங்குமச் சிவப்பாகத் தெரியும். இளந்தண்டுக்குத்தான் அந்த நிறம். அதனால் குளிர்காலம் முடியும்போது தரையை ஒட்டி வெட்டிவிடுவார்கள். புதியவர்களுக்கு வெட்ட மனம் வராது. ஹாலி என்ற பசுமை மாறாத மரத்தில் சிவப்புப் பழம் தொங்கும். ஆனால் நம் பப்பாளியைப் போல அதிலும் ஆண் மரம், பெண் மரம் உண்டு. பெண் மரம் மட்டுமே காய்க்கும். அருகில் ஓர் ஆண் மரமும் வேண்டும்.

எப்போதும் பசுமையாயிருக்கும் மரங்களையே நட்டால் தொல்லையில்லையே என்பீர்கள். நட்டுப் பாருங்கள், ஆண்டு முழுவதும் ஒரே கறுத்த முகந்தான்! நாலில் ஒன்று இருந்தால் அழகு என்பேன்.

வசந்தத்துக்கு வேண்டிய டூலிப், டாஃபடில் கிழங்குகளை இலையுதிர் காலத்திலேயே புதைத்துவிட வேண்டும். டூலிப்புக்கு மூன்று நான்கு மாதக் குளிர் தேவை. நம் சமவெளியில் அது நிலைக்காததற்குக் காரணம் இதுதான்.

நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்தனர். ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் செடி வளர்த்த கார்ல் ஃபோர்ஸ்டர் (1874-1970) ஏழாகப் பிரித்தார். காய்ந்த புல்லுக்கும் விதைக்கொத்துக்கும் தோட்டத்தில் இடமுண்டு என்றவர் அவர். அவற்றை வெட்டாமல் விட்டால் பனி படிந்து மின்னும்; குருவிக்கும் இரை.

ஒன்று சொல்ல மறக்கக்கூடாது. குளிரில் யாரும் தோட்டத்தின் கோடிக்கு நடந்து போகமாட்டார்கள். ஆகவே கோடைச் செடிகள் தூரத்தில் இருக்கலாம். விட்ச் ஹேசலையும் ஸ்னோடிராப்பையும் சமையலறை ஜன்னலுக்கு நேராக, அல்லது வாசற்படிக்குப் பக்கத்தில் நடவேண்டும்.