இனாமாய் வரும் பால் டப்பா

(இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய இரண்டு ஊர்களிலுமுள்ள நம் சங்கக் குடும்பத்தினர் ஸ்ரீவில்லிபுத்தூரில் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கைக்குழந்தைகளோடு வந்திருக்கும் தாய்மார் பலரை இவ்வவையிற் காண்கின்றோம். தமிழாசிரியர் ஆதலின் இலக்கியம் பேசுவார் என்று எதிர்பார்த்து வந்தோர் எம்மைப் பொறுத்தருள்க. இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள், சிறு குழந்தைகளுக்கென்று கடைகளில் விற்கப்படும் பண்டங்களும், அவற்றை நம் இல்லங்களிற் பரீட்சித்துப் பார்க்கும் வழக்கமும் ஆகும்.

இதனைப் பேச நேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. வரும் ஆண்டு விழாவில் நடைபெறவிருக்கும் குழந்தைகள் போட்டியின் செலவு முழுவதையும் தாம் ஏற்பதாக வணிகர் ஒருவர் நம் சங்கத்துக்குத் தெரிவித்திருக்கின்றார். அதற்குக் கைம்மாறாக, போட்டிக்கு வரும் தாய்மார் ஒவ்வொருவருக்கும் ஒரு பால்பவுடர் டப்பாவும் ஒரு பால்புட்டியும் இனாமாக வழங்க இடந்தரல் வேண்டும் என்பது அவர் விருப்பம். செயற்குழுவினர் இன்னும் முடிவு செய்யவில்லை. மறுத்தலே தக்கது என்பது எம் கருத்து. அதற்குரிய காரணங்களைக் கூறுவதற்கே இங்கு வந்து நிற்கின்றோம்.

பரீட்சித்து வாங்குதல் குற்றமோ எனின், அன்று. இவ்வூர்ப் பால்கோவா 2019-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்றது. அதனை வாங்கப் போவோர் ஒரு சிட்டிகை தின்று பார்த்து, பிடித்தால் வாங்குவர். பிடியாவிடில் அடுத்த கடைக்குச் செல்வர். அதனால் இழப்பு ஒன்றும் இல்லை. புதிய சோப்பு ஒன்றைக் குழந்தைக்குத் தேய்க்கின்றோம். மேனி சிவந்தால் நிறுத்திவிடுகின்றோம். கடையில் வாங்கிய டயாப்பரால் தொடை புண்ணானால், பழைய வேட்டியைக் கிழித்த மெல்லிய துணிக்கே மீளுகின்றோம். இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் உலகோர் புண்ணுக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்கின்றார்கள். பருத்தியின் மென்மையை நமக்குப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. இவையெல்லாம் மீண்டு வரத்தக்க பரீட்சைகள்.

பச்சிளங்குழந்தைக்குப் பால்பவுடரைக் கொடுத்துப் பார்ப்பது அத்தகையதன்று. புதியதைச் சோதிக்கும்போதே பழையதை இழக்கச் செய்யும் பண்டம் அது. எங்ஙனமெனின், தாயின் மார்பில் ஊறும் பால் குடத்தில் நிறைத்து வைத்த நீர் போன்றதன்று; இறைக்க இறைக்க ஊறும் கேணி போன்றது. குழந்தை உறிஞ்சுந்தோறும் தாயின் மூளையின் அடியிலுள்ள சுரப்பி ‘புரோலாக்டின்’ என்னும் நீரைச் சுரக்கின்றது; அந்நீரே பாலை உண்டாக்குகின்றது. குழந்தை புட்டிப்பாலால் வயிறு நிரம்பி உறங்கிவிட்டால் உறிஞ்சுதல் குறையும். உறிஞ்சுதல் குறைந்தால் ஊறுதலும் குறையும். பால் குறையவே டப்பா மிகுதியாக வேண்டப்படும். முதல் டப்பாவுக்கு மட்டும் விலை இல்லை. அதனை வழங்குவோர் இதனை அறியாதவர் அல்லர்.

இது நூலிற் படித்தது மட்டும் அன்று. சில ஆண்டுகளுக்கு முன் எம் தம்பியின் மனைவி ஒரு மருத்துவமனையில் ஆண்மகவு ஈன்றாள். இல்லம் திரும்பும் நாளில் அவள் கையில் ஒரு பையைக் கொடுத்தார்கள். அதனுள் ஒரு டப்பா இருந்தது. “பால் போதாவிட்டால் கொடுத்துப் பாருங்கள்” என்றார்கள். அதன்மேல் அச்சிட்டிருந்த சத்துக்களின் பெயர்களையெல்லாம் படித்து வியந்து, “நல்ல பண்டம்” என்று சொன்னவர் யாமே. தாய்ப்பாலே குழந்தைக்குச் சிறந்தது என்னும் அறிவிப்பும் அதே டப்பாவில் இருந்தது. ஒரு செய்யுளுக்கு மூன்று உரை பார்க்கும் யாம், அவ்வொரு வரியைக் கண்டும் பொருட்படுத்தாது விட்டோம்.

குழந்தை இரவில் அழுதது. டப்பாப் பாலைக் கொடுத்தார்கள். அது நெடுநேரம் உறங்கியது. இல்லத்தார் அனைவரும் மகிழ்ந்தோம். மூன்று வாரத்தில் தாய்க்குப் பால் வற்றலாயிற்று. இனாம் டப்பா தீர்ந்தது. அடுத்தடுத்த டப்பாக்களுக்கு எம் தம்பியின் சம்பளம் கரைந்தது. நாள் கூடத் தாங்கட்டும் என்று பொடியைக் குறைத்து நீரை மிகுத்துக் கலக்கலானார்கள். புட்டியைக் கொதிநீரில் இட்டுக் கழுவுதல் எல்லா வேளையும் கைகூடவில்லை. ஒரு நாள் வயிற்றுப்போக்குக் கண்டது. கண்கள் குழிந்து, நா வறண்டு, அழுவதற்கும் வலியின்றி அம்மகவு மூன்று நாள் மருத்துவமனையிற் கிடந்தது. அந்த மூன்று இரவும் எம் அன்னையார் எம்மை ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எமக்கு ஆறுதலாய் இருந்திருக்கும்.

பின்னர் வந்த சுகாதாரச் செவிலியர், “அம்மா, இரவு பகலாகப் பிள்ளையை மார்போடு அணைத்தே வைத்திருங்கள், கேட்கும்போதெல்லாம் சப்பக் கொடுங்கள், ஊறும்” என்றார். எம் அன்னையார் அடுக்களை முழுவதையும் தாமே ஏற்று, மருமகளைப் பாயைவிட்டு எழவிடவில்லை. சிறுகச் சிறுகப் பால் மீண்டது. பிள்ளை இன்று பள்ளிக்குச் செல்கின்றான். எல்லாக் குழந்தைகளும் அங்ஙனம் பிழைத்துவிடுவதில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இத்தீங்கு புதியதும் அன்று. நம்மவர்க்கே உரியதும் அன்று. 1939-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர், ரோட்டரி சங்கத்தார் முன் ‘பாலும் கொலையும்’ என்னும் தலைப்பிற் பேசினார். சர்க்கரை சேர்த்துச் சுண்டிய டப்பாப் பாலைக் குழந்தைக்கு உகந்ததென்று தாய்மாரிடம் பரப்பியதால் அந்நகரிற் குழந்தைகள் நலிந்து மாண்டதை அவர் கண்டிருந்தார். அத்தகைய பிரசாரத்தைக் கொலைக்கு நிகராகக் கருதல் வேண்டும் என்றார். பல ஆண்டுகள் சென்ற பின்னரே உலகம் அச்சொல்லுக்குச் செவி சாய்த்தது. 1977-இல் அமெரிக்க நாட்டில் நெஸ்லே நிறுவனத்தின் பண்டங்களை வாங்குவதில்லை என்னும் இயக்கம் இதன்பொருட்டே எழுந்தது. 1981 மே மாதத்தில் உலக சுகாதார அமைப்பு, தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கப்படும் பொருள்களை விளம்பரம் செய்தல் ஆகாது என்று ஒரு நெறிமுறை வகுத்தது. 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்தது அமெரிக்கா ஒன்றே.

நம் நாடு அதனைச் சட்டமாகவே செய்தது. பால் மாற்றுப்பொருள், பால்புட்டி, குழந்தை உணவு ஆகியவற்றை முறைப்படுத்தும் அச்சட்டம் 1992-இல் இயற்றப்பெற்று, 1993 ஆகஸ்டு 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2003-இல் திருத்தப்பெற்று மேலும் வலிவுற்றது. இரண்டு வயதுவரையுள்ள குழந்தைகளுக்குரிய இப்பண்டங்களை விளம்பரம் செய்தல் கூடாது. மாதிரிக்கென்று இனாமாகக் கொடுத்தல் கூடாது. விற்பனையைப் பெருக்குதற்பொருட்டுக் கருவுற்ற பெண்களையும் கைக்குழந்தையின் தாயரையும் நாடிச் செல்லுதல் கூடாது. பால்பவுடர் டப்பாவின்மேற் குழந்தையின் படமோ பெண்ணின் படமோ இருத்தலும் கூடாது. மீறியவர்க்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டமும் உண்டு. ஆதலின் நம் விழாப் பந்தலில் இனாம் டப்பா வழங்க இடந்தருவோமாயின், சட்டம் விலக்கிய செயலுக்கு நம் சங்கமே விரிப்பு விரித்ததாகும். கைப்பேசியில் தாய்மார் சிலர், “எங்கள் பிள்ளைக்குக் கொடுத்துப் பார்த்தோம்” என்று படம் காட்டுகின்றார்களே, அவர்கட்கு அப்பண்டம் எவரால், எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதனையும் கேட்டறிதல் நன்று.

பெரியாழ்வார் அவதரித்த ஊரில் நின்று பேசுகின்றோம். யசோதை கண்ணனை முலையுண்ண வருமாறு அழைப்பதற்கென்றே தம் திருமொழியில் ஒரு பதிகத்தை வகுத்தவர் அவர். அக்கண்ணனிடத்துப் பூதனை வந்த வகையை எண்ணிப் பாருங்கள். அழையாமலே வந்தாள், அழகிய வடிவோடு வந்தாள், பால் தருவேன் என்றே வந்தாள். டப்பாப் பாலை நஞ்சு என்று யாம் கூறவில்லை. அழையாது வரும் அன்பை ஆராய்ந்து ஏற்றல் வேண்டும் என்பதொன்றே ஈண்டுக் கொள்ளத்தக்கது.

இனி, கடைப் பண்டத்தை மட்டும் கடிந்து, நம் பழைய வழக்கங்களை ஆராயாது விடுதல் நேர்மையாகாது. பிறந்தவுடன் சேனை வைத்தல் என்று சர்க்கரை நீரையோ தேனையோ நாவில் தடவுகின்றோம். ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஆகாது. அதிற் சிலபோது கலந்திருக்கும் நுண்ணுயிர் வித்து அவ்விளங்குடலில் நஞ்சை விளைவிக்கும் என்பது மருத்துவர் துணிபு. முதற் சில நாட்களிற் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலை ஆகாதென்று பீய்ச்சிக் கொட்டிய பாட்டிமாரும் நம்மிடை உளர். நோயெதிர்க்கும் ஆற்றல் செறிந்த அதுவே குழந்தைக்கு முதல் மருந்து. தெருவில் வரும் கழுதைப் பாலைச் சங்கில் வாங்கிப் புகட்டுதலும் ஒரு பரீட்சையே. ஆறு மாதம் நிரம்பும் வரை தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீரும் வேண்டா. ஆயினும் பழையவற்றுள் போற்றத்தக்கதும் உண்டு. நம் பாலாடையைப் பாருங்கள். மூலையும் முடுக்கும் இல்லாத அதனை எளிதிற் கழுவிக் கொதிநீரில் இடலாம். குறைமாதக் குழந்தைகளுக்குப் பீய்ச்சிய தாய்ப்பாலைப் புகட்ட மருத்துவமனைகளிலும் அதனையே பயன்படுத்துகின்றார்கள்.

ஆறு மாதத்துக்குப் பின் ஊட்டும் உணவைப்பற்றியும் ஒரு சொல். புதிய உணவை ஒவ்வொன்றாகக் கொடுத்து, இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்து, பின்னரே அடுத்ததைக் கொடுத்தல் வேண்டும். நன்முறையிற் செய்யும் பரீட்சை அதுவே. 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்து நாட்டு ‘பப்ளிக் ஐ’ என்னும் அமைப்பார், ஒரு பெருநிறுவனத்தின் குழந்தைத் தானிய உணவை ஆராய்ந்து, இந்தியாவில் விற்பதிற் சர்க்கரை சேர்த்திருப்பதையும், அவ்வகை உணவு ஐரோப்பிய நாடுகள் சிலவற்றிற் சர்க்கரையின்றி விற்கப்படுவதையும் வெளியிட்டார்கள். டப்பாவின் முகப்பைப் பார்த்து வாங்காமல், பின்புறத்திற் சிற்றெழுத்தில் உள்ளதைப் படித்து வாங்குங்கள். இரண்டு வயதுவரை சர்க்கரை சேர்க்க வேண்டா என்பர் குழந்தை மருத்துவர். நம் ஊர்ப் பெருமையாகிய பால்கோவாவும் அதுவரை காத்திருக்கட்டும்.

தாயை இழந்த குழந்தைக்கும், தாய் கடுநோயுற்ற குழந்தைக்கும் பால்பவுடர் வேண்டப்படுதல் உண்டு. அதனை மருத்துவர் சொற்படி, சொன்ன அளவிற் கலந்து கொடுப்பதில் இழுக்கொன்றும் இல்லை. அத்தாய்மாரை எவரும் பழித்தலும் கூடாது. 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கிய தாய்ப்பால் வங்கி போல, மதுரை அரசு மருத்துவமனையிலும் ஒன்று இருக்கின்றது என்பதையும் அறிந்து கொள்ளுங்கள்.

இராஜபாளையத்து ஆலைகளில் வேலை செய்யும் நம் பெண்மக்களுக்கு இடர் மிகுதி. அவர்கட்கும் சட்டம் துணை நிற்கின்றது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் முதலிரண்டு மகப்பேற்றுக்கும் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு உண்டாயிற்று. 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யுமிடத்திற் குழந்தைக் காப்பகம் இருத்தல் வேண்டும். தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்குச் சென்று பாலூட்டி வரலாம். 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவ்வுரிமைகள் இடம்பெற்றுள்ளன. கேட்பவர்க்கே உரிமை கைகூடும். கேட்க அஞ்சும் பெண்ணுக்காகச் சங்கம் கேட்கட்டும்.

“எனக்குப் பால் போதவில்லை” என்று கலங்கும் தாய்க்கு ஒரு சோதனை சொல்வோம். முதல் வாரம் கழிந்தபின் குழந்தை ஒரு நாளில் ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்து, எடையும் ஏறி வருமாயின் பால் போதும். அழுகை ஒன்றையே அளவுகோலாகக் கொள்ள வேண்டா.

முடிவாக நம் சங்கத்தை மூன்று வேண்டுவோம். குழந்தைகள் போட்டியை நம் பணத்திலேயே, சிறிய அளவிலேனும் நடத்துவோம். 2015-இல் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. நம் கல்யாண மண்டபத்தில் அத்தகைய அறை ஒன்றும் இல்லை. நாற்பது பேர் அமர்ந்து சீட்டாட இடமுள்ள மண்டபத்தில் ஒரு தாய் அமர இடமில்லாதது நமக்குப் பெருமையன்று, அதனை அமைப்போம். மூன்றாவது, வளைகாப்புக்குச் செல்லும் பெண்டிர், வளையலோடு ஒரு வாக்கும் அளித்து வாருங்கள். பிள்ளை பெற்ற முதல் நாற்பது நாளில், முறை வைத்துக்கொண்டு, அவ்வில்லத்துக்கு ஒருவேளை உணவு சமைத்துக் கொடுப்போம் என்பதே அவ்வாக்கு. எம் தம்பி மகனுக்குப் பாலை மீட்டுத் தந்தது எம் அன்னையார் அடுப்படியில் நின்ற அந்நாட்களே. அதற்கு விலையும் இல்லை, விளம்பரமும் இல்லை.