பேதை முதல் லிஸி வரை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் வட்டத்திற்கு இன்று பத்து வயது. பாட்டியல் நூல்களின் கணக்கில், இவ்வட்டம் ஆணாயின் 'மீளி', பெண்ணாயின் 'பெதும்பை'. வளர்தல் என்னும் ஒரே நிகழ்ச்சிக்கு நம் மரபு இருவேறு பெயர்ப்பட்டியல்களை வைத்திருக்கிறது. இன்று நான் பேசப்போவது அந்த இரு பட்டியல்களுக்கும் இடையிலுள்ள தொலைவைப் பற்றியே.

ஆணின் பருவங்கள் பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை, முதுமகன் எனச் செல்கின்றன. மறமும் திறலும் அப்பெயர்களிலேயே ஒலிக்கின்றன. பெண்ணின் பருவங்களோ பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழு. பேதை என்றால் அறியாதவள். மடந்தை என்னும் பெயரில் மடம் இருக்கிறது. ஐந்து வயதில் தொடங்கும் இப்பட்டியல் நாற்பதில் முடிந்துவிடுகிறது. இந்த அவையில் அமர்ந்திருக்கும் எங்களுள் சிலருக்கு இலக்கணம் பெயரே வைக்கவில்லை!

இப்பெயர்கள் எங்கே பயன்பட்டன? சேரமான் பெருமாளின் திருக்கைலாய ஞான உலா தொடங்கி, ஒட்டக்கூத்தரின் மூவருலா வழியாக உலா இலக்கியங்களில் பயன்பட்டன. தலைவன் வீதியில் பவனி வருகிறான். ஏழு பருவ மகளிரும் அவனைக் காண்கின்றனர். விளையாட்டு மாறாத பேதைக்குக் காதல் விளங்குவதில்லை. பெதும்பைக்கு அரைகுறையாக விளங்குகிறது. மங்கை முதலானோர் மெலிந்து வாடுகின்றனர். பெண்ணின் வளர்ச்சி இங்கே அளக்கப்படுகிறது. ஆனால் அளவுகோல் அவளுடையதன்று, பவனி வருபவனுடையது. அவள் என்ன கற்றாள், எதற்கு அஞ்சினாள், எதை இழந்தாள் என்னும் வினாக்கள் அவ்வீதியில் எழுவதில்லை.

அகப்பாடல்கள் இன்னும் நெருங்கி வருகின்றன என்பதை மறுக்க இயலாது. வளர்ந்த மகளை வீட்டுக்குள் நிறுத்துவதற்கு 'இற்செறிப்பு' என்னும் பெயர் அங்கேதான் கிடைக்கிறது. ஆயினும், இற்செறிப்பைக் களவுக்கு நேர்ந்த இடையூறு என்றே நாம் பெரும்பாலும் வகுப்புகளில் கற்பித்து வருகிறோம். தலைவி இழந்தது தலைவனை மட்டுமா? கிளி கடிந்த தினைப்புனத்தை இழந்தாள், அருவியை இழந்தாள், ஆயத்தோடு ஆடிய பகற்பொழுதை இழந்தாள். தலைவன் மணந்து கொண்டால் காதல் மீளும். தினைப்புனம் மீளுமா?

இந்த வினாவை உரைநடையில் எழுப்பியவர் நம் மண்ணின் எழுத்தாளர் ஹெப்சிபா ஜேசுதாசன். 1925ஆம் ஆண்டு பர்மாவில் பிறந்து, குமரி மண்ணைத் தம் எழுத்தின் களமாகக் கொண்டு, திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராகப் பணியாற்றி, 2012இல் மறைந்தவர். அவருடைய முதல் நாவலான 'புத்தம் வீடு' 1964இல் வெளிவந்தது. பனைவிளை என்னும் சிற்றூரின் பழம்பெருமை வாய்ந்த குடும்பத்தில், கண்ணப்பச்சியின் பேத்தியாக வளர்கிறாள் லிஸி. பள்ளிக்குச் செல்கிறாள். வளர்ந்ததும் பள்ளி நின்றுபோகிறது. யாரும் கொடியவராக இருந்து அவளை நிறுத்தவில்லை. அன்புடைய வீடே நிறுத்துகிறது. குடும்ப மரியாதை என்னும் ஒரு சொல் போதுமானதாக இருக்கிறது. பனையேறும் தொழில் செய்யும் தங்கராஜை அவள் விரும்புவதும், அதற்கு உயர்வு தாழ்வு குறுக்கே நிற்பதும், இறுதியில் மணம் கூடுவதும் கதையின் போக்கு. பலர் இதனைக் காதல் கதையாகவே நினைவு கூர்கின்றனர். எனக்கோ இது பள்ளிக்கூடம் இழந்த ஒரு சிறுமியின் கதை. இங்கே அளவுகோல் முதன்முறையாக வீட்டுக்குள்ளிருந்து, அவள் கையிலிருந்தே நீட்டப்படுகிறது.

லிஸியின் பள்ளி வெறுமனே வாய்த்ததன்று. தென் திருவிதாங்கூரில் வளர்ந்த பெண்ணின் உடல் அரசாணைக்கு உட்பட்ட பொருளாக இருந்த காலம் உண்டு. நாடார் முதலிய சமூகத்துப் பெண்கள் தோளை மறைத்துச் சீலை அணிவதற்காக 1822 முதல் கலகங்களையும் அவமதிப்புகளையும் தாங்கினர்; 1859 ஜூலையில்தான் மேலாடை அணியும் உரிமையை அரசு அறிவித்தது. அதே நூற்றாண்டின் முற்பகுதியில் மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் சிறுமியர்க்கு எழுத்தறிவோடு லேஸ் பின்னலும் கற்பித்தார். ஆகவே ஒரு பெண்பிள்ளை சீலை போர்த்திப் புத்தகத்தோடு தெருவில் நடப்பது என்பது இம்மண்ணில் இரண்டு தலைமுறைப் போராட்டத்தின் பயன். அந்த நடையைத்தான் லிஸியின் வீடு நிறுத்தியது.

நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே நிலைமை வேறு வடிவம் கொண்டது. மருமக்கள் வழியில் தந்தையின் சொத்து பெரும்பாலும் அவருடைய சகோதரியின் மக்களையே சேர்ந்தது. தந்தை வீட்டில் வளரும் பிள்ளைகள் அவ்வீட்டுக்கு உரியவர் ஆகார். தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தம் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' என்னும் நூலில் காரணவரின் ஐந்தாம் மனைவி வாயிலாக இக்கொடுமையைப் பேசுகிறார். நகைச்சுவையின் உள்ளே ஒரு தாயின் அச்சம் இருக்கிறது. என் பிள்ளைகள் வளர்ந்து எங்கே நிற்பார்கள் என்னும் அச்சம். 1926ஆம் ஆண்டின் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் அம்முறைக்கு முற்றுப்புள்ளி வைக்க வழி செய்தது.

இரணியலின் நீல பத்மநாபன் 1968இல் வெளியிட்ட 'தலைமுறைகள்' ஆண்பிள்ளையின் வளர்ச்சியைச் சொல்கிறது. ஆனால் திரவி எதனால் வளர்கிறான்? மணம் முடித்துச் சென்ற தமக்கை, பெண்ணே அல்லள் என்னும் பழியோடு திருப்பி அனுப்பப்படுகிறாள். அவளுக்கு நேர்ந்த அநீதியைக் கண்டு, அதைக் கேள்வி கேட்கத் துணியும்போது அவன் ஆளாகிறான். மறவோன், திறலோன் என்னும் பழம்பெயர்களுக்கு இதைவிடச் சிறந்த பொருள் எனக்குத் தெரியவில்லை.

இன்று நிலை மாறியிருக்கிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நம் மாவட்டம் 91.75 விழுக்காடு எழுத்தறிவுடன் தமிழ்நாட்டில் முதலிடம் பெற்றது. லிஸியின் பேத்தியர் பட்டம் பெறுகின்றனர். ஆனால் நம் கவியரங்குகளை எண்ணிப் பாருங்கள். வளரும் பெண் வரும் கவிதைகளில் தாவணி வருகிறது, கொலுசு வருகிறது, பார்வை வருகிறது. பவனி வருபவன் அரசனிலிருந்து கவிஞனாக மாறியிருக்கிறான், வீதி மாறவில்லை. விடைத்தாளை அணைத்துக்கொண்டு மதிப்பெண்ணை எண்ணி நடக்கும் சிறுமியை நாம் இன்னும் எழுதவில்லை.

அவளே எழுதட்டுமே என்பீர்கள். எழுதுகிறாள்! என் வகுப்பு மாணவியரின் குறிப்பேடுகளின் கடைசிப் பக்கங்களில் நல்ல கவிதைகளை நான் படித்திருக்கிறேன். அவர்களுள் ஒருவரும் இங்கு வந்து வாசித்ததில்லை. காரணம் எளியது. நம் கூட்டம் மாலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடிகிறது. அவர்கள் ஊருக்குச் செல்லும் பேருந்து அதற்குள் போய்விடுகிறது. போகாவிட்டாலும் வீடு விடுவதில்லை. இற்செறிப்பு சங்க இலக்கியத்தில் மட்டும் இல்லை, அன்பர்களே. நம் அழைப்பிதழில் அச்சிட்டிருக்கும் நேரத்திலும் இருக்கிறது.

எனவே இந்தப் பத்தாம் ஆண்டில் ஒரு வேண்டுகோளை மட்டும் பணிவோடு முன்வைக்கிறேன். மாதக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை முற்பகலுக்கு மாற்றுங்கள். முதல் அரைமணி நேரத்தைப் பள்ளி, கல்லூரி மாணவியர்க்கு ஒதுக்குங்கள். அவர்கள் வாசிக்கும்போது நாம் வாழ்த்துரை வழங்காமல், காது கொடுத்துக் கேட்போம். வளர்தல் என்றால் என்ன என்பதை நமக்குச் சொல்லத் தகுதி உடையவர்கள், வளர்ந்துகொண்டிருப்பவர்களே.